தேத்தண்ணிக்கு உதவாத தண்ணி

ஏசிப் பெட்டியைப் பிரிக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைத்தான். தாய்லாந்தில் செய்தது என்று அதில் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கொம்பிரசர் வேறொரு நாட்டில் செய்தது. செப்புக் குழாய் இன்னொரு நாட்டிலிருந்து வந்தது. எல்லாம் ஒரு தொழிற்சாலையில் ஒன்றுசேர்ந்து, கொண்டெய்னரில் ஏறிக் கடல் கடந்து, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, லொறியில் மதவாச்சி தாண்டி, கடலுக்கு மேலே போட்ட தாம்போதி வழியாக மன்னார்த் தீவுக்குள் வந்து, கடைசியில் என்னிடம் சேர்கின்றன. இத்தனை பேர் கைபட்ட சாமானைச் சுவரில் பொருத்தி, அதிலிருந்து முதல் குளிர்காற்றை வரவைக்கிற கை என்னுடையது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும். மன்னாரில் ஏணியில் ஏறி ஏசி பூட்டுகிற பொம்பிளை எங்கே என்று யாரிடம் கேட்டாலும் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

அந்தத் தலைக்கனத்தோடு நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். என் தொழிலில் நான் மிகவும் பெருமைப்படுகிற காரியமும் அதுவேதான்.

நான் தீவுக்கு இக்கரையில் இருக்கிற வங்காலைப் பிள்ளை. அப்பா கடற்தொழிலாளி. கடலால் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, படகின் எஞ்சினைக் கழற்றிச் சுமந்து வந்து, நல்ல தண்ணீர் நிரப்பிய பெரிய தகரப் பரலுக்குள் இறக்கி ஓடவிடுவது. உள்ளே போன உப்பெல்லாம் கழுவுப்பட்டு வரும்வரை அவர் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பரலுக்குள் எஞ்சின் உறுமுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவேன்.

ஆகவே ஏசி வேலை பழகி முடித்து ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. ஏசியின் வெளிப்பெட்டியை எங்கள் சனம் கடலைப் பார்த்தபடி வெளிச்சுவரில் தொங்கவிட்டுவிட்டு, அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கு ஏன் கொடுப்பதில்லை? என் வீட்டு ஏசியை நான் சனிக்கிழமை தவறாமல் கிணற்றுத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடு. ஆறு வருடம் போயும் அதன் அலுமினியத் தகடுகள் பெட்டியிலிருந்து எடுத்த அன்றுபோல மினுங்கின. வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவேன்.

பிறகு ஒரு வருடம் தீவில் இருக்கிற கீரியில் பதினொரு வீடுகளுக்கு ஒரே மாதிரி ஏசி பொருத்தினேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் சகோதரங்களும் பார்த்து எடுத்துக் கொடுத்தவை. பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரசங்கம் வைப்பேன்.

“சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கழுவவேணும். ஞாயிறு பூசைக்குப் போக முதல் நாள் நீங்கள் முழுகிறியள்தானே, அதைப்போல இதையும் முழுக வார்த்துவிடுங்கோ” என்பேன்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கழுவினார்கள். என் வாயை நம்பினார்கள்.

எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் ஒரு ஆங்கில டீச்சர். அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் கட்டிலோடு கிடந்தார். அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட கூரை. சோளகக் காற்றுக் காலம் தொடங்கினால் அந்த அறைக்குள் காற்றும் நெருப்பாக வரும். படுத்தபடியே கிடந்து அவருடைய முதுகு புண்ணாகிப்போயிருந்தது. அந்த அறைக்குத்தான் ஏசி. அது ஓடத் தொடங்கிய கிழமையிலேயே புண் காயத் தொடங்கியது. “கடவுள் உன்ரை கையிலை வந்தவர் பிள்ளை” என்று டீச்சர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவுமில்லை. சனிக்கிழமைக் கட்டங்களை எல்லாம் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்து, ஒரு கிழமையும் தவறாமல் டீச்சர் கழுவினார்.

இரண்டு வருடம் முடிவதற்குள் முதலில் விழுந்தது அவருடைய ஏசிதான். போய்ப் பார்த்தேன். காஸ் முழுவதும் போயிருந்தது. வெளிப்பெட்டியின் தகடுகளை விரலால் தொட, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. ஒட்டிப்போட்டு காஸ் அடித்தேன். ஒரு மாதம் ஓடியது. திரும்பவும் ஒழுகியது. அதற்குள் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒவ்வொன்றாகத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. டீச்சரின் கணவருக்குப் புண் திரும்பவும் வந்துவிட்டது. அவர் முனகுகிற சத்தம் கேட்கிற விறாந்தையில் நின்றுகொண்டு, “கடல் காத்து டீச்சர், நாங்கள் என்ன செய்யிறது” என்று நான் சொன்னேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கடலைக் குறை சொன்னால் அது திருப்பிக் கதைக்காது.

கொழும்பில் இந்த ஏசிகளை இறக்குமதி செய்கிற கந்தோரின் முகாமையாளருடன் கதைத்தேன். நல்ல மனிதர். என் வேலையை மதிப்பவர்.

“கவலப்படாதீங்க. கடல் காத்துல பழுதாகிருச்சுன்னு படத்தோட ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க. ஃபேக்டரிக்கு நான் போடுறேன். உத்தரவாதம் இன்னும் முடியல. பதினொன்னுக்கும் புதுசு வரும்” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதத்துக்குப் படங்கள் தேவை. கீரியில் பதினொன்றையும் படம் எடுத்தேன். அதே மாதிரியில் பன்னிரண்டாவது ஒன்றை ஓலைத்தொடுவாயில் ஒரு அண்ணன் வீட்டில் அதே மாதத்தில்தான் பொருத்தியிருந்தேன். அது கீரி வீடுகளைவிடக் கடலுக்குக் கிட்ட. அதன் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும், அந்தப் படத்தைக் கடிதத்தில் முதலாவதாக வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அந்த அண்ணன் கடல் தொழிலென்றால் சூரன். கரைக்கு வந்தால் பாயும் தலையணையும்தான். நான் போனபோதும் படுத்துத்தான் இருந்தார்.

“எப்பிடி அண்ணை ஏசி?”

“சோக்கா ஓடுது. நீ சொன்னமாதிரிச் சனிக்குச் சனி கழுவுறனான்தானே” என்றார், கண்ணைத் திறக்காமலே.

வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வெளிப்பெட்டியின் மேலே ஒரு பழைய வலை கிடந்தது. பின்பக்கம் சிலந்தி வலை. தூசி ஒரு விரல் தடிப்பு. கண்ட கண்ட சருகெல்லாம் செருகியிருந்தது. தூரிகையால் தட்டினேன். தூசிக்குக் கீழே தகடுகள் ஒன்றுக்கும் பழுதில்லாமல் அப்படியே இருந்தன. பிழையான வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

அண்ணி பின்னாலே வந்து நின்று சிரித்தா. “உவர் கழுவினவரோ? ஒருநாளும் கழுவேல்லை. அந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை. பேசாதை தங்கச்சி, வெக்கமாக் கிடக்கு. இரு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

கதிரையில் இருந்தேன். கழுவாத ஏசி நன்றாக இருக்கிறது. கழுவின பதினொன்றும் செத்துவிட்டன.  அண்ணி தேத்தண்ணியை நீட்டியபடி தன் பாட்டுக்குச் சொன்னா.

“பயப்பிடாமல் குடி. இது லொறியிலை வாற பௌசர் தண்ணி. எங்கடை கிணத்துத் தண்ணி தேத்தண்ணிக்கு உதவாது.”

கோப்பையை வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

வங்காலையில் எங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அப்பாவின் பரலுக்குள் போனதும் அந்தத் தண்ணீர்தான். என் ஏசி மினுங்கியதும் அதனால்தான். கீரியில் கடற்கரையோர வீடுகளில் மழைக்குப் பிறகு கொஞ்சக் காலம் கிணறு நன்றாக இருக்கும். வெய்யில் ஏற ஏற உப்பேறிச் சவர்த்துப்போகும். பார்த்தால் கண்ணாடிபோலச் சுத்தமான தண்ணீர். அதைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, சூட்டோடு இருக்கிற தகட்டின் மேல் நான் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு காயாது, இருந்துவிடும். கடல் காற்று பத்து வருடத்தில் செய்கிற வேலையை எங்கள் கை இரண்டு வருடத்தில் செய்து முடித்திருந்தது.

திரும்பி வரும் வழியில் கீரிக்குப் போனேன். என்ன ஏது என்று ஒருவருக்கும் சொல்லாமல் வீடு வீடாகக் கிணற்றுக் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். பதினொரு வீட்டிலும் கரித்தது. ஒவ்வொரு குசினியிலும் குடிக்கிற தண்ணீர் வேறு பானையில் மூடி வைத்திருந்தது. தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயமென்பதால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வங்காலைக்காரி நானும் கேட்கவில்லை. இருக்கிற கொஞ்சக் குடிதண்ணீரை எடுத்து யாராவது ஏசிக்கு ஊற்றுவார்களா? கழுவச் சொன்னவள் எந்தத் தண்ணீர் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடற்கரையில் நின்று என்னையே வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

முகாமையாளருக்கு உண்மையைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இத யாருக்கும் சொன்னீங்களா?”

“இல்லை.”

“அப்ப சொல்லாதீங்க. தண்ணிய பத்தி எழுதினா அது உங்க பிழைன்னு ஃபேக்டரி கைய விரிச்சிரும். பதினொரு வீட்டுக்கும் ஒன்னும் கிடைக்காது. கடல் காத்துன்னு மட்டும் எழுதுங்க. அதுவும் பொய் இல்லதானே.”

அதுவும் பொய் இல்லைதான். இரண்டு நாள் அந்த ஒரு வசனத்தோடு மல்லுக்கட்டினேன். கடல் காற்று என்று எழுதினால் டீச்சரின் அறை குளிரும், அவருடைய கணவர் நித்திரை கொள்வார். புது ஏசிகள் வரும், இவர்கள் திரும்பவும் கழுவுவார்கள். கழுவ வேண்டாம் என்று நான் காதோடு காதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே ஏசி அதே தொழிற்சாலையிலிருந்து எத்தனை கரைகளுக்குப் போய் இறங்குகிறது! அங்கேயும் என்னைப்போல ஒரு கெட்டிக்காரி பரலைப் பார்த்து வளர்ந்திருப்பாள். அவளுக்கு யார் சொல்வது? அதைவிட முக்கியமாக, ஏன் பழுதானது என்று தெரிந்துகொண்டே வேறு காரணத்தை எழுதினால் நான் மெக்கானிக்கே இல்லை. என்னிடம் இருக்கிற சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

தமிழில் எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும், என் பிரசங்கம் உட்பட. முடிவில், “தேத்தண்ணிக்கு உதவாத தண்ணியால் கழுவச் சொன்னது நான்தான்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆனால் தொழிற்சாலைக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். எனக்கு வேலைக்குத் தேவையான ஆங்கிலம்தான் தெரியும். அப்படி ஒரு கடிதத்தை ஒழுங்காக ஆங்கிலத்தில் எழுதித் தரக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான் இருந்தார்.

டீச்சர் விறாந்தையில் இருந்து வாசித்தார். உள்ளே கணவர் முனகிக்கொண்டிருந்தார். அறைக்குள் மேசை விசிறி சூட்டைச் சுற்றி அடித்தது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் புரட்டினார். முகம் இறுகிக்கொண்டே போனது.

“அப்ப நான்தான் இதைக் கொண்டனானோ? இந்தக் கையாலையோ?”

“நீங்கள் இல்லை டீச்சர். நான் சொல்லித்தான் செய்தனீங்கள்.”

“இதை அனுப்பினால் எங்களுக்கு ஒண்டும் வராதெண்டு தெரியுமோ உனக்கு?”

“ஓம்.”

“உள்ளுக்குக் கிடக்கிற மனுசன் வேகிறது கேக்குதோ?”

“கேக்குது.”

“தெரிஞ்சுகொண்டும் என்னட்டையே எழுதிக் கேக்க வந்தனியோ?”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் கடிதத்தைக் கையில் பிடித்தபடி எழும்பி உள்ளே போனார். கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் போய்விடலாமா என்று யோசித்தபோது கடிதத்தை ஒரு கொப்பிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பேனையுமாக வந்து கதிரையில் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி வசனத்துக்கு வந்தபோது மட்டும் நிறுத்தினார்.

“தேத்தண்ணிக்கு உதவாத தண்ணி எண்டால் அவைக்கு விளங்குமோ? உப்புத்தண்ணி எண்டு போடட்டோ?”

“வேண்டாம் டீச்சர். உப்புத்தண்ணி எண்டால் கடல் தண்ணி எண்டு நினைப்பினம். இப்பிடியே போடுங்கோ. தேத்தண்ணி குடிக்கிறவைக்கு விளங்கும்.”

அப்படியே போட்டார்.

கடிதம் நேரே தொழிற்சாலைக்குப் போனது. முகாமையாளர் என்னுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார். கீரிக்கு நானே போய் வீடு வீடாக விஷயத்தைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் வாசலோடு அனுப்பிவிட்டார். அந்த மாதங்களில் ஒரு புது வேலையும் எனக்கு வரவில்லை. தேவாலயத்தில் பின் வரிசையில் நின்றுவிட்டுப் பூசை முடிய முதலே வந்துவிடுவேன்.

பிறகு ஒரு நாள் முகாமையாளரே தொலைபேசி எடுத்தார். தொழிற்சாலையிலிருந்து ஆள் வருகிறதாம். என்னையும் பார்க்க வேண்டுமாம். வந்தவர் தாய்லாந்துக்காரர், இளம் எஞ்சினியர், தொப்பி போட்டிருந்தார். டீச்சர்தான் மொழிபெயர்ப்பு. வீட்டுக்கு வீடு வாளியில் தண்ணீர் பிடித்து, பேனை மாதிரி ஒரு கருவியை அதற்குள் விட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். நான் டீச்சரிடம், “ஒருக்கால் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ” என்றேன். குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு, வெடித்துச் சிரித்தார். பின்னாலே வந்த சனமும் சிரித்தது. ஓலைத்தொடுவாய் அண்ணனின் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனோம். தூசி மூடிய பெட்டியை அவர் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க, அண்ணன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

போவதற்கு முதல் அந்த எஞ்சினியர் சொன்னதை டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார். “இதே ஏசி வளைகுடாவுக்குப் போகுதாம், மாலைதீவுக்குப் போகுதாம், எங்கெங்கையோ தீவுகளுக்கெல்லாம் போகுதாம். எல்லாக் கரையிலை இருந்தும் முறைப்பாடு வருமாம். எல்லாக் கடிதத்திலையும் கடல் காத்து எண்டுதான் இருக்குமாம். இவையும் தகட்டுக்கு அடிக்கிற பூச்சை மாத்தி மாத்திப் பாத்தவையாம். எந்தத் தண்ணியிலை கழுவிறியள் எண்டு இவையும் கேக்கேல்லையாம், ஒருத்தரும் சொல்லேல்லையாம். உன்ரை கடிதம்தான் முதல் கடிதமாம்.”



புது ஏசி தரவில்லை. வெளிப்பெட்டிக்குள் வைக்கிற, குழாயும் தகடும் சேர்ந்த கொயில் மட்டும் பதினொன்றும் அனுப்பினார்கள். பொருத்துகிற வேலை என்னுடையது. சந்தோஷமாகச் செய்தேன், ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. முதலாவதாக டீச்சரின் வீடு. இப்போது கழுவுவது மாதம் ஒரு முறை, பௌசர் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ, இரண்டே வாளி. அதற்கென்று டீச்சர் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு பரல் வைத்திருக்கிறார். மழை இல்லாத மாதங்களில் பௌசர்காரரிடம் சொல்லி அதற்குள்ளும் கொஞ்சம் ஊற்றுவிப்பார்.

இந்த வருடம் ஓலைத்தொடுவாய் அண்ணன் மகளின் அறைக்கும் ஒரு ஏசி எடுத்தார். அதே தொழிற்சாலை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். கழுவுகிற பக்கத்தில் ஒரு புதுப் படம். ஒரு வாளி, பக்கத்தில் ஆவி பறக்கிற ஒரு கோப்பை. அடுத்த மொழியிலும் அதே கோப்பை, அரபு எழுத்துக்குப் பக்கத்திலும் அதே கோப்பை, எனக்குப் பெயர்கூடத் தெரியாத எழுத்துகளுக்குப் பக்கத்திலும் அதே கோப்பை. புத்தகத்தோடு நிலத்தில் குந்திவிட்டேன்.

“என்ன தங்கச்சி, சாமான் பிழையோ?” என்று அண்ணன் பதறினார். காட்டினேன். வாங்கிப் பார்த்தார். “இதைத்தானே நான் தொடக்கத்திலை இருந்து செய்தனான்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்தப் புத்தகத்தை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே கீரிக்குப் போனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலப் பக்கத்தை வாசித்தார். பிறகு அறைக்குள் போய், கணவரின் கட்டிலில் இருந்து, அவருக்குக் கேட்கும்படி உரத்து வாசித்தார். தேத்தண்ணிக்கு உதவாத தண்ணீரால் இந்த இயந்திரத்தைக் கழுவ வேண்டாம். “என்ரை வசனம்” என்றார். “தேத்தண்ணிக்கு உதவாத தண்ணி எண்டதிலை ஒரு சொல்லும் மாத்தேல்லை.” கணவர் இயங்குகிற கையை மெல்லத் தூக்கி, சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் காட்டினார். பிறகு டீச்சரைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

டீச்சர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் கையில் தந்தார். தந்துவிட்டுக் கொஞ்சம் நின்றார்.

“அண்டைக்கு அந்தக் கடதாசியைக் கொண்டு உள்ளுக்குப் போனது கிழிக்கத்தான், தெரியுமோ உனக்கு? இவருக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுப் பாதி கிழிச்சும் போட்டன். இந்த மனுசன்தான் கையைப் பிடிச்சவர்.”

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ஆனால் நித்திரையில்லை. உதட்டின் ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, வெளியே போய்ப் பரலைத் திறந்து இரண்டு வாளி தண்ணீர் அள்ளினேன்.